பாட் பை: பூரணம் இன்று, ஓடு நாளை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அக்டோபர் கடைசியில் ஃபெசன்ட் (கோழி இனத்துக் காட்டுப் பறவை) வேட்டை தொடங்கும், டிசம்பர் வாக்கில் மான். அந்த மாதங்களில் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது உரித்த பறவை இரண்டைக் கொண்டுவந்து நீட்டுவார். நம்மவர்கள் அதை வாங்கிக் குழம்பு வைத்துப் பார்த்துவிட்டு, ரப்பர் மாதிரி இருக்கிறது என்று அடுத்த முறை நைசாக மறுத்துவிடுவார்கள். அந்த இறைச்சிக்கு ஏற்ற சமையல் பாட் பைதான்: வெந்த இறைச்சியையும் காய்களையும் கெட்டி கிரேவியோடு மாவு ஓட்டுக்குள் வைத்து ஓவனில் சுடுவது. கோழியிலும் அதே முறைதான், இன்னும் சுலபம்.

என் சமையலறையில் நான்கைந்து குடும்பங்களுக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: வரிசை. பூரணம் ஆறியிருக்க வேண்டும், மாவு சில்லென்று இருக்க வேண்டும், ஓவன் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றையும் ஒரே மாலையில் முடிக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று கெடும். அதனால் இதை இரண்டு நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது மேலும் கீழும் ஓடு வைத்த வகை. பென்சில்வேனியா டச்சுக்காரர்கள் வீட்டில் பாட் பை என்றால் சதுரமாக வெட்டிய மாவுத் துண்டுகள் மிதக்கும் கெட்டி சூப் வரும், ஓடே இருக்காது. அது வேறு சமையல்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

23 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம் உள்ள தட்டு ஒன்று. ஆறு பேர் சாப்பிடலாம். புதிதாகச் செய்பவர்கள் உலோகத் தட்டே வாங்குங்கள். காரணம் ஓவன் பகுதியில் வரும்.

பூரணத்துக்கு: வெந்து எலும்பு நீக்கிய இறைச்சி 500 கிராம். இதற்கு 1.5 கிலோ கோழி ஒன்று, அல்லது ஃபெசன்ட் இரண்டு, அல்லது எலும்பில்லாத மான் தோள்கறி 700 கிராம் வேண்டும். பெரிய வெங்காயம் 1, கேரட் 2, செலரித் தண்டு 2, உறைந்த பட்டாணி ஒரு கைப்பிடி. வெண்ணெய் 75 கிராம், மைதா 60 கிராம், இறைச்சி வெந்த சாறு 500 மி.லி., பால் அல்லது கிரீம் 120 மி.லி. மிளகு, தைம் (வாசனை மூலிகை), பே இலை.

ஓட்டுக்கு: மைதா 320 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம் (அமெரிக்கக் கடையில் இரண்டு ஸ்டிக்), உப்பு 1 டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 90 முதல் 120 மி.லி. மேலே தடவ ஒரு முட்டை.

சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. மைதாவைக் கப்பில் அமுக்கி அள்ளுவதற்கும் தூவி நிரப்புவதற்கும் 30 கிராம்கூட வித்தியாசம் வரும். அந்த 30 கிராமில்தான் ஓடு கட்டையாகிப் போகும். இறைச்சித் தெர்மாமீட்டர் ஒன்றும் வேண்டும். காட்டு இறைச்சியில் கண்ணளவு எனக்கே பலமுறை பொய்த்திருக்கிறது.

2. இறைச்சியைத் தயார் செய்வது

கோழி என்றால் கழுவி வெட்டும் வேலைகூட இல்லை, முழுசாகவே பானையில் போடலாம். நேராக மூன்றாம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

*ஃபெசன்ட்.* உறைந்திருந்தால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து இளக விடுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து விரலால் தடவிப் பாருங்கள். கருத்த ரத்தக்கட்டு இருக்கும் இடமெல்லாம் குண்டு போன வழி. அதைக் கத்தி முனையால் கிளறினால் கடுகைவிடச் சற்றுப் பெரிய உலோக உருண்டை வரும். கூடவே ஒரு துணுக்கு இறகும் இருக்கும், குண்டு உள்ளே போகும்போது இழுத்துக்கொண்டு போனது. உருண்டையை மட்டும் எடுத்தால் போதாது, சுற்றியிருக்கும் கன்றிய சதையையும் வெட்டி எறியுங்கள். முதல் வருடம் நான் இதைச் சரியாகப் பார்க்கவில்லை. விருந்தாளி ஒருவர் வாயிலிருந்து அந்த உருண்டை டங்கென்று தட்டில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அது ஈயக் குண்டா எஃகுக் குண்டா என்று கொடுத்தவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. ஈயம் என்றால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கோழியில் தனியாகச் செய்துவிடுவேன்.

அடுத்து நெஞ்சுக்கறியை எலும்பிலிருந்து அறுத்துத் தனியாக வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, அதில் நெஞ்சுக்கறியை ஐந்தாறு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறப்போட வேண்டும். ஃபெசன்ட்டில் கொழுப்பு மிகக் குறைவு. இந்த உப்புத் தண்ணீர்தான் வேகும்போது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கால்களுக்கு ஊறல் வேண்டாம்.

*மான்.* தோள், கழுத்துப் பகுதிதான் இதற்கு ஏற்றது. இடுப்புச் சதையைப் பூரணத்தில் போடுவது பட்டுப்புடவையைக் கைப்பிடித் துணியாக்குவது மாதிரி. மேலே பளபளக்கும் வெள்ளிச் சவ்வையும் வெள்ளைக் கொழுப்பையும் முழுசாகச் சீவி எடுங்கள். ஆட்டுக் கொழுப்புதான் ருசி என்று வளர்ந்த கைக்கு இது மனசே வராது. ஆனால் மான் கொழுப்பு மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மான் கறி 'வாடை' அடிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கொழுப்பைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று. மான்களின் மூளையைச் சிதைத்துக் கொல்லும் தொற்றுநோய் (Chronic Wasting Disease) அயோவாவிலும் உண்டு. அந்த நோய் உள்ள வட்டாரத்தில் சுட்ட மானைப் பரிசோதனைக்கு அனுப்பி, இல்லை என்று முடிவு வந்த பிறகே சாப்பிட வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நோய்க் காரணி அழியாது. அதனால் சந்தேகம் இருந்தால் வேண்டாம்.

3. பானையில் முழுசாக வேகவைப்பது

பிரியாணி செய்து பழகிய கைக்கு, பச்சை இறைச்சியை உள்ளே வைத்து மூடினால் ஓவனில் தானாக வெந்துவிடும் என்று தோன்றும். வேகாது. வெந்தாலும் அதற்குள் ஓடு கருகிவிடும், இறைச்சி விடும் தண்ணீரில் அடி ஓடு ஊறிவிடும். ஓவனின் வேலை ஓட்டைச் சுடுவதும் பூரணத்தைச் சூடாக்குவதும் மட்டுமே.

கோழி: பானையில் வைத்து, மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அரை வெங்காயம், ஒரு கேரட் துண்டு, பே இலை போடுங்கள். கொதி வந்ததும் தணலைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழ் வரும்படி 45, 50 நிமிடம். தளபுளவென்று கொதித்தால் நெஞ்சுக்கறி நார் நாராகிவிடும். தொடையின் தடித்த இடத்தில் 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் போதும். ஆறியதும் சதையை எடுத்துவிட்டு எலும்பை மறுபடி அதே தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் காய்ச்சுங்கள். கிரேவியின் ருசி முழுவதும் இந்தச் சாற்றில்தான்.

ஃபெசன்ட்: கால்களையும் எலும்புக்கூட்டையும் அதே மாதிரி இரண்டு மணி நேரம். வயதான சேவல் என்றால் மூன்றுகூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தொடைச் சதை முள்கரண்டிக்கு வழிவிடுகிறதா என்று பாருங்கள். கடைசியில் அடுப்பைத் தணித்து, ஊறிய நெஞ்சுக்கறியைத் துடைத்து அந்தச் சாற்றில் இறக்குங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் 74 டிகிரி வந்துவிடும். உடனே எடுத்துவிட வேண்டும்.

கால் சதையைப் பிய்க்கும்போது அவசரப்படாதீர்கள். ஃபெசன்ட்டின் கீழ்க்காலில் ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியது போல விறைத்த நரம்புகள் வரிசையாக இருக்கும். சதையோடு சேர்த்து வெட்டினால் கண்டுபிடிக்கவே முடியாது. முழுக் காலாக இருக்கும்போதே ஒவ்வொன்றாக உருவிவிடுங்கள்.

மான்: 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஈரம் போகத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் நிறம் வர வறுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்து சாம்பல் நிறமாகிவிடும். பிறகு தண்ணீரோ மாட்டெலும்புச் சாறோ ஊற்றி மூடி, இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் மெல்லிய தணல்.

குக்கர் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். மானுக்கும் ஃபெசன்ட் காலுக்கும் தாராளமாக வைக்கலாம். நெஞ்சுக்கறிக்கு வேண்டவே வேண்டாம்.

4. கிரேவி

முதலில் காய்கள். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் ஒரு செ.மீ. அளவில் நறுக்கி 75 கிராம் வெண்ணெயில் எட்டுப் பத்து நிமிடம் வதக்குங்கள். கேரட் முக்கால் பதம் வெந்தால் போதும். உருளைக்கிழங்கு சேர்ப்பதானால் தனியாக வேகவைத்துச் சேர்க்க வேண்டும், பச்சையாகப் போட்டால் நறுக்கென்று நிற்கும்.

மைதாவை மேலே தூவி, நடுத்தரத் தணலில் இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். பச்சை மாவு வாசனை போய் பிஸ்கட் வாசனை வர வேண்டும். இந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டிக் குதித்தால் கடைசி வாய் வரை மாவு ருசிதான்.

அப்புறம் சாறு. முதலில் அரைக் கரண்டி மட்டும் விட்டுக் கிளறுங்கள். மொத்தையாக ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆகும். அது சமமானதும் இன்னும் அரைக் கரண்டி. நாலைந்து முறை இப்படி விட்ட பிறகு மிச்சத்தை ஊற்றலாம். மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும், மத்தால் கடைந்தாலும் போகாது. கடைசியில் பால். ஐந்து நிமிடம் கொதித்ததும் கெட்டியாகும்.

எவ்வளவு கெட்டி? குருமா பதம் போதும் என்றுதான் நம் கை சொல்லும். அது போதாது. கரண்டியை இழுத்தால் பானையின் அடி ஒரு கணம் தெரிந்து மறைய வேண்டும். சூட்டில் தளர்வாக இருக்கும் கிரேவி ஓவனில் இன்னும் இளகும். வெட்டும்போது தட்டு முழுக்க ஓடும்.

மானுக்குப் பால் வேண்டாம். பாலுக்குப் பதிலாகவும் அதன் சாற்றையே ஊற்றி, மைதாவை வேர்க்கடலைத் தோல் நிறம் வரும் வரை வறுத்து, ஒரு ஸ்பூன் தக்காளி பேஸ்ட்டும் கொஞ்சம் காளானும் சேருங்கள்.

இறைச்சி, தைம், மிளகு, உருக்காத பட்டாணி எல்லாவற்றையும் அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும். உப்பும் அப்போதுதான். உப்புத் தண்ணீரில் ஊறிய நெஞ்சுக்கறி சாற்றையும் கொஞ்சம் உப்பாக்கியிருக்கும். மொத்தத்தில் உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாகவே இருக்கட்டும், ஓடு சப்பென்று இருப்பது அதை ஈடுகட்டிவிடும்.

மசாலா? முதல் தடவை வேண்டாம் என்பேன். கரம் மசாலா போட்டால் ஃபெசன்ட்டா, கோழியா, காளானா என்றே தெரியாது. காரம் இல்லாமல் முடியாது என்றால் சாறு காயும்போது ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு எடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

5. ஆறவிடுவது

சின்னப் பகுதிதான், ஆனால் பாதிப் பேர் தோற்பது இங்கே. சூடான பூரணத்தை ஓட்டில் கொட்டினால் மாவிலுள்ள வெண்ணெய் ஓவனுக்குப் போகும் முன்பே உருகிவிடும். அடி ஓடு களியாகும்.

அகலமான தட்டில் பரப்பி வையுங்கள், ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். காலையில் எடுத்தால் அல்வா மாதிரி கெட்டியாக இருக்கும். அதுதான் சரியான பதம்.

6. ஓட்டு மாவு

இதை முதல் நாள் இரவே பிசைந்து வைத்துவிடலாம். 'பிசைந்து' என்று எழுதிவிட்டேன், அந்தச் சொல்தான் வினை.

வெண்ணெயைச் சிறு கட்டங்களாக வெட்டி 15 நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள். மைதாவில் உப்பைக் கலந்து, வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டு விரல் நுனியால் நசுக்கிக்கொண்டே வாருங்கள். உள்ளங்கை படக்கூடாது, அதில் சூடு அதிகம். ரவை மாதிரி பாதி, பட்டாணி அளவுக் கட்டிகள் பாதி என்று இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். அந்தக் கட்டிகள் ஓவனில் உருகி, அவற்றிலிருக்கும் ஈரம் ஆவியாகி மாவை ஏடு ஏடாகத் தூக்கும். கட்டியே இல்லாமல் தேய்த்துவிட்டால் ஏடு வராது, பிஸ்கட்தான் வரும்.

ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளித்து, முள்கரண்டியால் புரட்டுங்கள். போன வருடம் ஒரு தங்கை என் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, மாவு சேரவே மாட்டேங்குது, இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா?" என்று மூன்று முறை கேட்டாள். நான்காவது முறை கேட்காமலே ஊற்றினாள். பிறகு பழக்க தோஷத்தில் சப்பாத்தி மாவு போலக் குத்திப் பிசைந்தாள். மாவு பார்க்க அழகாக, வழவழவென்று இருந்தது. வெந்ததும் கத்தி இறங்கவில்லை.

சப்பாத்திக்கு வேண்டிய இழுவைதான் இங்கே எதிரி. தண்ணீரும் பிசைதலும் கூடக்கூட மாவு ரப்பராகும். ஒரு பிடியை எடுத்து அமுக்கினால் சேர்ந்து நிற்கிறதா? போதும். பாத்திரத்தில் உதிரியாகக் கிடந்தாலும் பரவாயில்லை. இரண்டு வில்லைகளாக, ஒன்று கொஞ்சம் பெரிதாக அமுக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். அந்த ஓய்வில் ஈரம் தானாகப் பரவிக்கொள்ளும்.

7. விரித்து அடுக்குவது

ஓவனை இப்போதே 220 டிகிரி செல்சியஸில் (425 ஃபாரன்ஹீட்) போட்டுவிடுங்கள். கீழ்த்தட்டில் கனமான பேக்கிங் ட்ரே ஒன்றைக் காலியாக வைத்துச் சூடாக விடுங்கள்.

பெரிய வில்லையை 3 மி.மீ. கனத்தில், 32 செ.மீ. வட்டமாகத் தேயுங்கள். நடுவிலிருந்து வெளியே தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்புக்கும் கால் வட்டம் திருப்ப வேண்டும். நடுவில் மாவு இளகி ஒட்டினால் பிடிவாதம் பிடிக்காமல் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பூரிக்கட்டையில் சுற்றித் தூக்கித் தட்டில் இறக்கி, மூலையில் படியும்படி தாழ்த்துங்கள். இழுத்துப் பொருத்தினால் ஓவனில் சுருங்கி உள்ளே விழும்.

சில்லென்ற பூரணத்தை நிரப்பி, 28 செ.மீ. மேல் ஓட்டை மூடி, ஓரங்களைச் சேர்த்து உள்பக்கமாக மடித்து அழுத்துங்கள். சோமாசுக்கு ஓரம் மடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கை வந்த கலை. மேலே கத்தியால் நாலைந்து கீறல் போடுங்கள். ஆவி போக வழியில்லாவிட்டால் ஓரத்தைப் பிளந்துகொண்டு கிரேவி வெளியே வரும். அடித்த முட்டையைத் தடவுங்கள்.

8. ஓவனில்

தட்டைச் சூடான ட்ரேயின் மேல் வையுங்கள். கீழிருந்து வரும் அந்த முதல் சூடுதான் அடி ஓட்டை ஊறவிடாமல் பிடிக்கும். உலோகத் தட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். சில்லென்ற கண்ணாடித் தட்டைக் கொதிக்கும் ட்ரேயில் வைத்தால் விரிசல் விடலாம்.

20 நிமிடம் கழித்து 190 டிகிரிக்கு (375 ஃபாரன்ஹீட்) குறைத்து, இன்னும் 35, 40 நிமிடம். ஓரம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளை வளையமாகச் சுற்றுங்கள். நிறத்தை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். கீறல் வழியாகக் கிரேவி குமிழ் விட வேண்டும், நடுவில் தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்ட வேண்டும்.

எடுத்ததும் 20 நிமிடம் தொடாதீர்கள். வாசனையில் யாராலும் முடியாதுதான். ஆனால் உடனே வெட்டினால் அது சூப்.

9. ஊரில் செய்பவர்களுக்கு

இந்தியாவில் காட்டு உயிர்களை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் அந்தப் பேச்சே வேண்டாம், தேவையும் இல்லை. நல்ல நாட்டுக்கோழி ஃபெசன்ட்டுக்கு மிக நெருங்கியது: இறுகிய கால், கொழுப்பில்லாத நெஞ்சு. மேலே சொன்ன மாதிரி காலையும் நெஞ்சையும் பிரித்து வேகவையுங்கள். பண்ணைக் காடையிலும் செய்யலாம், எலும்பு பொறுக்கப் பொறுமை வேண்டும்.

பாக்கெட் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டதாக இருக்கும். அதில் செய்தால் மாவுக்கு உப்பு சேர்க்காதீர்கள். வெயில் காலத்தில் மைதாவையும் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, விடிகாலையில் தேய்த்துவிடுங்கள். பே இலைக்குப் பதிலாகப் பிரிஞ்சி இலை போட வேண்டாம், அது பட்டை வாசம் அடிக்கும். இலையே இல்லாமல் விட்டுவிடலாம்.

10. மீந்ததும், உறையவைப்பதும்

மீந்தது ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் வைத்தால் ஓடு துணியாகிவிடும். 175 டிகிரி ஓவனில் 20, 25 நிமிடம் வையுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டாகச் செய்து ஒன்றைச் சுடாமல் உறையவைப்பது என் வழக்கம். மெல்லிய அலுமினியத் தட்டில் அடுக்கி, முட்டை தடவாமல் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றிவிட வேண்டும். சுடும்போது இளகவிடாமல் அப்படியே முட்டை தடவி, 200 டிகிரியில் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி நேரம். முதல் பாதியில் மேலே அலுமினியத் தாள் மூடியிருக்கட்டும். பறவை கொடுத்தவருக்கு நான் திருப்பிக் கொடுப்பது இந்த இரண்டாவதைத்தான். தட்டைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லியே கொடுத்துவிடுவேன்; சுடும் நேரத்தை மூடியில் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிட்டால் போதும்.